பாய்க்குள் சுருட்டிய துப்பாக்கி

ஹ்வாங் தொக்சுவுக்கு அறுபத்திரண்டாம் வயதில்தான் இரண்டாம் கோப்பை கிடைத்தது.

பத்தாம் நிலா மாதத்தில் கல்மே மலையில் ஹ்வாங் வம்சத்தார் தங்கள் முன்னோர் சமாதிகளுக்குப் படையல் வைக்கும்போது மூன்று பேர் முறைவைத்து மதுக்கோப்பை ஏந்துவார்கள். முதல் கோப்பை குலத் தலைவருக்கு. அதை யாரும் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. மூன்றாம் கோப்பை வெளியூரிலிருந்து அபூர்வமாக வரும் ஒருவருக்கு மரியாதைக்காகக் கொடுப்பது. இரண்டாம் கோப்பைக்குத்தான் அத்தனை பேர் கண்ணும். அது வந்துவிட்டால் ஒருவன் எங்கள் ஆள் என்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவனை யாரும் வந்தவன் போனவன் என்று பேச முடியாது.

தொக்சுவின் வீட்டுக்கு அது மூன்று தலைமுறையாக வரவில்லை. தாத்தா காலத்தில் வராததற்குக் காரணம் அவர் இளம் வயதில் செத்துப்போனது. அப்பா காலத்தில் வராததற்குக் காரணம் அப்பாவேதான். அவர் பெயர் தெசிக். பெண்டாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெபெக் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர், பதினோரு வருடம் கல்மே பக்கம் தலை காட்டவில்லை. அவர் பங்குக்கு இருந்த இரண்டு சமாதிகளில் புல் இடுப்பளவு வளர்ந்தது. அடுத்தவர்கள்தான் வெட்டினார்கள். கடைசியில் நெஞ்சில் கரித்தூள் அடைத்துப்போய் அங்கேயே செத்தார். வம்சப் புத்தகத்தில் அவர் பெயருக்குக் கீழே பிறந்த நாள் இருக்கிறது, புதைத்த இடம் எழுதவில்லை. கல்மேக்காரர்கள் இதைப்பற்றித் தொக்சுவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் முப்பது வருடம் அவரை அறுத்தது.

அந்த முப்பது வருடத்தில் ஒரு வருடம்கூட அவர் படையலுக்குப் போகாமல் இருந்ததில்லை. வோன்ஜு நகரத்தில் முதலில் கரிக்கட்டி சுமந்து வீடு வீடாகப் போட்டார். பிறகு வீடுகளுக்குச் சூடேற்றும் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிளம்பி, கல்மே ஓடையில் கழுவிக்கொண்டு, கடைசி வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வருவார். பிறகு ஒரு வருடம் நடு வரிசை. அப்புறம் இரண்டாம் வரிசை. எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த குலத் தலைவர் இன்வோன் அந்த இலையுதிர் காலத்தில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தொக்சு, இந்த வருஷம் ரெண்டாவது கோப்பை நீ எடு."

"பெரியப்பா, நானா?"

"வேற யாரு, உன் கொதிகலனா? மூணு நாள் சுத்தமா இரு. சாவு வீட்டுக்குப் போகாத. ரத்தம் பாக்காத."

இன்வோனின் தாத்தாவும் தொக்சுவின் கொள்ளுத் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அதனால் எண்பத்தெட்டு வயது இன்வோன் தொக்சுவுக்குப் பெரியப்பா முறை.

தொக்சுவின் மனைவி பொங்நியே சந்தையில் நல்ல சணல் துணி வாங்கி, அகலக் கை வைத்த அங்கி ஒன்றை ஒன்பது நாளில் தைத்து முடித்தாள். கண் தெரியாத வயதில் தைத்தது. தையல் ஒன்றும் கோணவில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. துப்பாக்கியால் வந்தது வினை.

தொக்சு துப்பாக்கி எடுத்தது நாற்பத்தேழு வயதில். மச்சினன் சோளக்கொல்லையைக் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போன வருடம் அது. இரட்டைக் குழல் துப்பாக்கி, பழையது, வாதுமை மரக் கட்டை. வோன்ஜுவில் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்றால் அது அவர் வீட்டில் இருக்கும் என்று அர்த்தமில்லை. அது போலீஸ் ஸ்டேஷன் அறையில் கம்பிக்குப் பின்னால் மற்றவற்றோடு நிற்கும். வேட்டைக்காலம் திறந்தால் போய்க் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும். தனியாளுக்குக் கொடுக்கமாட்டார்கள், இரண்டு பேராகப் போக வேண்டும். கைத்தொலைபேசி எங்கே இருக்கிறது என்று போலீஸ் பார்த்துக்கொள்ளச் சம்மதம் தர வேண்டும், அதை அணைக்கவும் கூடாது. ஒவ்வொரு குளிர்காலமும் ஒவ்வொரு மாவட்டத்தில்தான் வேட்டை திறப்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் துப்பாக்கியை அந்த ஊர் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். வழியில் அது சொந்தக்காரன் கையை விட்டுப் போகக்கூடாது. வண்டியில் விட்டுவிட்டு இறங்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுக்கவும் கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்குள் கம்பிக்குப் பின்னால் நிற்க வேண்டும். தொக்சு பதினைந்து வருடம் இதில் ஒரு பிசகும் செய்யாதவர்.

அந்தக் குளிர்காலத்துக்கு வேட்டை திறந்தது போங்ஹ்வா மாவட்டத்தில். கல்மே இருப்பதும் அங்கேதான். படையல் நாளும் துப்பாக்கி எடுக்கும் நாளும் ஒன்றாக வந்து விழுந்தன.

"ஒரே போக்கா முடிச்சிடலாம்" என்றார் தொக்சு. "காலைல துப்பாக்கிய எடுத்துக்கிட்டு நேரா போங்ஹ்வா ஸ்டேஷன்ல வெச்சிடுவோம். அப்புறம் கல்மே போய் நான் கோப்பை எடுக்கறேன். மறுநாள் வேட்டை."

கூட வருவதாக இருந்தவர் மா கில்தே, தொக்சுவைவிட இரண்டு வயது இளையவர், டயர்க்கடை வைத்திருந்தவர். அவருக்கும் சொந்தத் துப்பாக்கி உண்டு.

"அண்ணே, படையலுக்குப் போறவரு துப்பாக்கியோட கிளம்பலாமா? இன்னொரு நாள் போவோமே."

"முத வாரத்துலதான் பன்னி கெடைக்கும். மறுபடி ஒரு நாள் கடைய மூடவா? அந்தத் துப்பாக்கி கல்மே மண்ணையே மிதிக்காது. போங்ஹ்வா டவுனோட நிக்கும். என்ன தப்பு?"

தப்பில்லைதான். ஆனால் காலையில் ஸ்டேஷன் வாசலில் இவர்களுக்கு முன்னால் பதினான்கு வேட்டைக்காரர்கள் நின்றார்கள். ஏழு மணிக்குப் போனவர்கள் கையில் துப்பாக்கி வந்தபோது எட்டே முக்கால். நெடுஞ்சாலை ஏறினால் பனிமூட்டம். மலைச் சுரங்கப்பாதைக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. கல்மே திருப்பத்துக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். படையல் பதினொன்றுக்கு. போங்ஹ்வா டவுன் போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரியாக அப்போது இன்வோன் கூப்பிட்டார்.

"எங்க வர்ற? எல்லாரும் வந்தாச்சு."

"திருப்பத்துக்கு வந்துட்டேன் பெரியப்பா."

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு ஓரமாக உண்மையைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் தாமதமாகும், கையில் துப்பாக்கி இருக்கிறது என்று. நாக்கு வரைக்கும் வந்ததுதான். ஆனால் தெசிக் மகன் படையலுக்கு நேரம் கழித்து வந்தான் என்ற பேச்சு காதில் கேட்டது. அது அவர் மனசுக்குள் கேட்டதுதான், வேறு யாரும் சொன்னதில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, "கல்மே பக்கம் திருப்பு" என்றார்.

கில்தே வண்டியைத் திருப்பினார், ஆனால் வாயை மூடவில்லை.

"நேரா போகணும்னா நேரா போகணும்ணே. இது என்ன நேர்?"

"அரை மணி நேரம். நீ வண்டியிலேயே ஒக்காந்திரு."

"ஒக்காந்திருப்பேன், என்னோடதோட. ஒங்களோடத நான் தொடமாட்டேன். ஒரு ஆள்கிட்ட ரெண்டு துப்பாக்கி இருந்தா ரெண்டு லைசென்ஸும் காலி. ஒங்க துப்பாக்கி ஒங்க கையிலதான் இருக்கணும், நீங்க கும்பிட்டாலும் சரி, குட்டிக்கரணம் போட்டாலும் சரி."

இறங்கினால், மலையடிவாரத்துப் படையல் வீட்டின் வாசலில் யாரும் இல்லை. எல்லாரும் பின்கட்டில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மலைக்கு எடுத்துப்போக வேண்டிய கோரைப்பாய்கள் வாசற்படியில் சுருட்டிச் சாத்தியிருந்தன. நீளமானவை, ஆள் உயரம். தொக்சு அவற்றைப் பார்த்தார். கையிலிருந்த துப்பாக்கி உறையைப் பார்த்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், பேரன் எடுத்தவர், அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு பாயை விரித்தார். உறையை நடுவில் வைத்துச் சுருட்டினார். வைக்கோல் பிரி எடுத்து இரண்டு இடத்தில் கட்டினார். முகத்தில் அப்போதே சூடு ஏறியது. ஆனாலும் கை வேலையை நிறுத்தவில்லை.

சட்டம் கையை விட்டுப் போகக்கூடாது என்கிறது. பாய் என் தோளில்தான் இருக்கிறது. படையலுக்கு ஆயுதம் ஆகாது என்கிறார்கள். யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அங்கியைப் போட்டுக்கொண்டு, கறுப்புத் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டு, பாயைத் தோளில் தூக்கி மலை ஏறும் வரிசையில் சேர்ந்தார்.

ஐம்பது அடி போயிருப்பார். பின்னாலிருந்து மூச்சிரைக்க ஒருவர் ஓடி வந்தார். சாங்க்யு. வயது எழுபத்தொன்று. வம்சத்தின் இரண்டாம் கிளை. அந்தக் கிளையில் ஆண்பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதிலேயே கல்யாணம் செய்து வைத்ததில் தலைமுறை ஓடிப்போய்விட்டது. அதனால் எழுபத்தொரு வயதுக்காரர் அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு மகன் முறை.

"சித்தப்பா! என்ன சித்தப்பா இது, கோப்பை எடுக்கப் போறவரு பாய் சுமக்கறீங்க? நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?"

"வேண்டாங்க சாங்க்யு, லேசாத்தான் இருக்கு. நீங்க பெரியவங்க."

"வயசுல பெரியவன், முறையில ஒங்க மகன். மகன் கைய வீசிக்கிட்டு நடக்க, அப்பன் சுமக்கறதா? யாராவது பாத்தா என் பரம்பரையையே காறித் துப்புவான். குடுங்க இங்க!"

தொக்சு பாயை இறுக்கிப் பிடித்தார். சாங்க்யுவும் பிடித்தார். இரண்டு கிழவர்கள் மலைப்பாதையில் ஒரு பாய்க்காக இழுபறி செய்வதைப் பார்த்து முன்னால் போனவர்கள் திரும்பிச் சிரித்தார்கள். இன்னும் இழுத்தால் பிரி அறுந்துவிடும் என்று தொக்சு விட்டுவிட்டார்.

சாங்க்யு தோளில் ஏற்றியதும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"அடேயப்பா! என்ன சித்தப்பா, பாய்க்குள்ள பொண்டாட்டிய வெச்சுச் சுருட்டிட்டீங்களா?"

தொக்சுவின் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. "தூண்டில். தூண்டில் கம்பு. புதுசா வாங்கினேன். வண்டியில வெச்சா எவனாவது தூக்கிடுவான்."

"இந்தக் குளிர்லயா மீன் பிடிப்பீங்க?"

"பனிக்கட்டிய ஓட்டை போட்டு."

"இன்னும் கட்டியே ஆகலியே" என்று முனகிக்கொண்டு சாங்க்யு ஏறினார். அவருக்குப் பின்னால் தொக்சு, இரண்டு அடி தூரத்தில், கண்ணைப் பாயை விட்டு எடுக்காமல். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தத் துப்பாக்கி வேறொருவர் தோளில் இருந்தது. திருடனைப் பின்தொடர்வது போல அவர் தன் துப்பாக்கியைப் பின்தொடர்ந்தார். திருடன் யார் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மேலே, வம்சத்தை ஆரம்பித்தவரிலிருந்து ஏழாம் தலைமுறைத் தாத்தாவின் சமாதி. அங்கே போய்ப் பார்த்தால் மேட்டின் ஒரு பக்கம் சரிந்து புல் கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றி. மண்ணுக்குள் புழு தேடி மூக்கால் தோண்டியிருந்தது. அவசரத்துக்கு மேலே புல்கட்டி வைத்து மூடியிருந்தார்கள். பெண்கள் சுமந்து வந்த தட்டுகளைச் சமாதிக்கு முன்னாலிருந்த கல் மேசையில் பரப்பினார்கள்: அரிசிப் பலகாரம், வேகவைத்த பேய்க்கணவாய், உலர்ந்த பெர்சிமன் பழம், சுறா மீன் வறுவல். சாங்க்யு சாமர்த்தியமாக, கனமில்லாத பாய்களை விரித்துவிட்டு அந்த ஒரு பாயை மட்டும் சுருட்டியபடியே கல்மேசையின் ஓரம், மதுச்சாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

இன்வோன் கண் அதன்மேல் போனது. "அத ஏன் விரிக்கல?"

"உள்ள சித்தப்பாவோட தூண்டில் இருக்கு பெரிய தாத்தா."

இன்வோன் தொக்சுவைத் திரும்பிப் பார்த்தார். "தூண்டிலா?"

இரண்டாம் தடவை. இந்தத் தடவை சமாதிக்கு எதிரில். "ஆமா பெரியப்பா, தூண்டில்தான்."

"சரி, இருக்கட்டும்" என்றார் கிழவர்.

படையல் ஆரம்பித்தது. இன்வோன் முதல் கோப்பை வைத்தார். வேண்டுதல் வாசித்தார்கள். நாற்பது பேர் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். தொக்சு நெற்றியைத் தரையில் வைத்தபோது பக்கத்திலேயே பாயின் நுனி தெரிந்தது. கோரைக்கு நடுவில் உறையின் பித்தளைக் கொக்கி ஒன்று எட்டிப் பார்த்தது. கும்பிட்டு எழுந்தும் அவர் மனசில் தாத்தாக்கள் யாரும் வரவில்லை, அந்தக் கொக்கிதான் நின்றது.

"இரண்டாம் கோப்பைக்காரர் முன்னால் வருக" என்று ஒருவர் நீட்டி முழங்கினார்.

தொக்சு வரிசையை விட்டு வெளியே வந்தார். கிண்ணத்துத் தண்ணீரில் கையைக் கழுவினார். கல்மேசை முன்னால் மண்டியிட்டார். பக்கத்தில் நின்றவர் கோப்பையை நீட்ட, இரண்டு கையையும் ஏந்தினார்.

அங்கியின் அகலக் கைக்குள் தொலைபேசி அலறியது.

எல்லாரும் தங்கள் தொலைபேசியை அணைத்திருந்தார்கள். அவர் அணைக்கக்கூடாது. வேட்டைக்காரன் காது மந்தம் என்பதால் மணியும் பேச்சும் உச்சத்தில் வைத்திருந்தார். மூன்று அழைப்புக்குள் எடுக்கவில்லை என்றால் ரோந்து வண்டி கிளம்பிவிடும் என்று காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொக்சு ஏந்திய கையை இறக்கி, கைக்குள் துழாவி எடுத்தார். அவசரத்தில் விரல் ஒலிபெருக்கிப் பொத்தானைத் தொட்டது. குரல் மலை முழுக்கக் கேட்டது.

"ஹ்வாங் தொக்சு ஐயாங்களா? வோன்ஜு ஸ்டேஷன், துப்பாக்கி அறை. நீங்க நேரா போங்ஹ்வா ஸ்டேஷன் போயிருக்கணும். கல்மே மலையில நாப்பது நிமிஷமா நிக்கறீங்கன்னு காட்டுது. வண்டி ஏதும் கெட்டுப்போச்சுங்களா? துப்பாக்கி ஒங்க கையிலதான் இருக்குங்களா?"

நாற்பது பேர் முதலில் தொக்சுவைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகப் பாயைப் பார்த்தார்கள்.

"இருக்கு" என்றார் தொக்சு. மூன்றாம் பொய்யும் வந்துவிட்டது. "இப்பக் கிளம்பறேன்."

இன்வோன் கைத்தடியை ஊன்றிப் பாயிடம் போனார். "இத அவுத்து விடு."

தொக்சு மண்டியிட்டபடியே நகர்ந்து போய்ப் பிரியை அவிழ்த்தார். பாய் தானாக உருண்டு விரிந்தது. உறை கல்மேசையின் காலில் மோதி நின்றது. மதுச்சாடி ஆடியது. பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதத்தான் நான் சுமந்தேனா?" என்றார் சாங்க்யு, தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. "சித்தப்பா, நல்ல மீன் பிடிப்பீங்க நீங்க."

யாரோ ஒருவன் சிரித்தான். உடனே அடங்கிவிட்டான்.

"தோட்டா இருக்கா?" என்றார் இன்வோன்.

"இல்ல பெரியப்பா. அது போங்ஹ்வாவுல போய்த்தான் வாங்கணும்."

இன்வோன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரிந்து கிடந்த சமாதி மேட்டைக் கைத்தடியால் காட்டினார்.

"இத ரெண்டு வாரமா பன்னி பேர்த்துக்கிட்டு இருக்கு. படையல் முடிஞ்சதும் ஒங்கிட்ட நானே கேக்கணும்னு இருந்தேன், ஒன் துப்பாக்கியோட வாடான்னு. ஒருத்தன் கையில துப்பாக்கி இருக்கறது எனக்குக் கேவலமா?"

தொக்சு உறையை மதுச்சாடியிடமிருந்து தள்ளி வைத்தார்.

"திருப்பத்துலேருந்து பேசினியே, அப்பவே சொல்லியிருந்தா என்ன? ஒரு மணி நேரம் ஆகும் பெரியப்பா, போய் ஒப்படைச்சிட்டு வரேன்னு. இவரு நானூறு வருஷமா இங்க படுத்துக் கெடக்காரு. இன்னொரு மணி நேரம் ஒனக்காகப் படுத்திருக்கமாட்டாரா?"

இன்வோன் கைத்தடியை ஊன்றி இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார்.

"ஒங்கப்பன் பதினோரு வருஷம் வரல. சுரங்கத்துக்கே போய் ஏன் வரலன்னு நான் கேட்டதுக்கு, கையில ஒண்ணும் இல்லாம வர வெக்கமா இருந்துச்சுன்னு நேராச் சொன்னான். அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. நீ தாத்தா முன்னாடி ஒக்காந்துக்கிட்டு தூண்டில்னு சொன்ன."

அப்பா அப்படிச் சொன்னது தொக்சுவுக்கு அன்றுவரை தெரியாது. முப்பது வருடம் அப்பாவை நினைத்துத் தலை குனிந்தவர், அந்த இடத்தில் அப்பாவுக்கு முன்னால் தலை குனிந்தார்.

"அங்கியக் கழட்டு" என்றார் இன்வோன். "சாங்க்யு, நீ போட்டுக்க. கோப்பை நீ எடு."

"நானா? எனக்கு இந்த அங்கி பத்தாதே பெரிய தாத்தா" என்று சாங்க்யு சங்கடத்தில் நெளிந்தார். தொக்சுதான் நாடாவை அவிழ்த்து, கழற்றி, அவர் கையில் கொடுத்தார். குளிரில் சட்டையோடு நின்றார். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசைகளுக்குக் கீழே, பாதை தொடங்கும் இடத்துக்குப் போனார். பின்னால் மறுபடியும் அந்த நீட்டல் குரல், இரண்டாம் கோப்பைக்காரர் முன்னால் வருக என்று கேட்டது. கும்பிட வேண்டுமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் துப்பாக்கியோடு எப்படிக் கும்பிடுவது? அப்படியே இறங்கிப்போனார்.

வண்டியில் கில்தே தன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார். தொக்சு ஏறி உட்கார்ந்ததும் விழித்துப் பார்த்தார்.

"என்னண்ணே, அங்கி எங்க?"

"ஓட்டு."

போங்ஹ்வா ஸ்டேஷனில் கூட்டம் இல்லை. கில்தே தன்னுடையதை முதலில் ஒப்படைத்தார். மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் அப்புறம் தொக்சுவின் துப்பாக்கி எண்ணைப் பார்த்தார். குழலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தாளில் இருந்த கேள்விகளைத் தலை தூக்காமல் வாசித்தார். வழியில் வண்டி கெட்டதா? விபத்து ஏதும் உண்டா? துப்பாக்கி எப்போதாவது உங்கள் கையை விட்டுப் போனதா?

அவர் பேனா, இல்லை என்ற கட்டத்தின் மேலேயே காத்துக்கொண்டிருந்தது.

"போச்சு" என்றார் தொக்சு.

கில்தே பின்னாலிருந்து அவர் இடுப்பில் குத்தினார்.

போலீஸ்காரர் தலையைத் தூக்கினார். "போச்சுன்னா?"

"வேற ஒருத்தர் சுமந்தாரு. மலை மேல வரைக்கும். கால் மணி நேரத்துக்கு மேல இருக்கும். பாய்க்குள்ள இருந்துச்சு. அது துப்பாக்கின்னு அவருக்குத் தெரியாது. அவரு மேல தப்பில்ல."

"பாய்க்குள்ளயா? ஐயா, நான் கேக்கறது ஒரு வழக்கத்துக்கு..."

"அப்புறம் வோன்ஜுலேருந்து கூப்பிட்டாங்க. கையில இருக்குன்னு சொன்னேன். அதுவும் பொய். கல்மேசை கிட்ட சாஞ்சு இருந்துச்சு."

போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வேறொரு தாளை எடுத்தார். எழுதி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்த வேட்டைக்காலம் முடியும்வரை துப்பாக்கி வெளியே வராது, லைசென்ஸ் இருக்குமா போகுமா என்று விசாரணைக்கு அப்புறம் தெரியும் என்று சொன்னார்கள். தொக்சு கையெழுத்துப் போட்டார். கம்பிக்குப் பின்னால் அதை நிறுத்தியபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கில்தே வெடித்தார்.

"ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? சும்மா வாய்ல கேட்டான்ணே! இல்லன்னு சொன்னா எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். பதினஞ்சு வருஷ லைசென்ஸு! என் பேரும்ல அந்தத் தாள்ல ஏறியிருக்கு?"

"ஒன் பேருல தப்பு இல்லன்னு எழுதச் சொன்னேன்."

"அத யாரு கேட்டா? ஏன் சொன்னீங்க, அதச் சொல்லுங்க."

"இன்னிக்கு மூணு சொல்லிட்டேன்" என்றார் தொக்சு. "நாலாவது வாயில வரல."

கில்தே கடைக்குப் போய் இரண்டு தாள் குவளையில் காப்பி வாங்கி வந்து, ஒன்றை அவர் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பொங்நியே கூப்பிட்டாள். காலையிலிருந்து கூப்பிடாமல் அடக்கி வைத்திருந்தவள்.

"என்னங்க, முடிஞ்சுதா? கோப்பை எடுத்தீங்களா? கை நடுங்கிச்சா?"

தொக்சு ஸ்டேஷன் சுவர் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். முதலிலிருந்து சொன்னார். வாசலில் நின்ற பதினான்கு பேர், கவிழ்ந்த லாரி, கோரைப்பாய், சாங்க்யு, தூண்டில், மறுபடியும் தூண்டில், தொலைபேசி. எதையும் விடவில்லை. அழுகிறாளோ என்று நினைத்தார். அழவில்லை.

"அங்கி எங்க?" என்றாள்.

"சாங்க்யு போட்டுக்கிட்டு இருக்காரு."

"அந்தத் தொந்திக்காரரா? அக்குள்ல கிழிச்சிருப்பாரு. போய் வாங்கிட்டு வாங்க."

"பொங்நியே, நான் எப்படித் திரும்ப அங்க போவேன்?"

"ஒன்பது நாள் ஊசி பிடிச்சது நான். அத விட்டுட்டு வந்தீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க. போங்க. கேட்டு வாங்குங்க. கேட்டு வாங்கறது ஒண்ணும் களவு இல்ல."

கல்மே போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. படையல் வீட்டின் புகைபோக்கியில் புகை. உள்ளே எல்லாரும் படையல் மதுவைப் பங்கிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகள். காகிதம் ஒட்டிய கதவின் வழியாகச் சாங்க்யுவின் பேச்சு கேட்டது.

"...பொண்டாட்டிய வெச்சுச் சுருட்டிட்டீங்களான்னு கேட்டேன்யா. அதுக்கு, இல்ல, தூண்டிலுங்கறாரு!"

கூரை பறக்கச் சிரிப்பு. தொக்சு படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். காது எரிந்தது. திரும்பிப் பார்த்தார். கில்தே வண்டியை அணைக்காமல், எதையும் பார்க்காதவர்போல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று தொக்சு காத்திருந்தார். அது அடங்குவதாக இல்லை. செருப்பைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார்.

"யாரு அது?" என்றது இன்வோனின் குரல்.

"தெசிக் மகன், தொக்சு" என்று கதவைத் திறந்தார். "அங்கிய வாங்கிட்டுப் போக வந்தேன்."

யாரோ குவளையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கிழவர் இருமினார்.

"கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப? குளிர் உள்ள வருது. சாங்க்யு, தள்ளி ஒக்காரு, எடம் விடு."